ஸ்டியரிங்குக்குக் கீழே பச்சை வெளிச்சம்

எத்திராஜ் அண்ணன் என்னை "மேடம்" என்று கூப்பிட்ட அன்றுதான் விஷயம் கைமீறிவிட்டது என்று எனக்குப் புரிந்தது. விவேக் நகரில் நானும் என் வீட்டுக்காரர் ஓஸ்வால்டும் ஒர்க்‌ஷாப் போட்ட நாளிலிருந்து நான் அவருக்குத் தங்கச்சிதான். தீபாவளிக்கு அவர் வீட்டிலிருந்து பலகாரம் வரும். கிறிஸ்மஸுக்கு எங்கள் வீட்டிலிருந்து கேக் போகும். ஐ.டி. கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்க அவர் ஓட்டும் வேன்கள் எல்லாவற்றுக்கும் எங்களிடம்தான் வேலை. அப்படிப்பட்டவர் அன்றைக்கு உள்ளே வரவில்லை. ஷட்டருக்கு வெளியே நின்றபடி, "மேடம், கொஞ்சம் வெளிய வர்றீங்களா?" என்றார்.

நடந்ததை வரிசையாகச் சொல்வதென்றால் மஞ்சள் விளக்கிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் பிடிப்பது ஓஸ்வால்ட், ஸ்கேனர் பிடிப்பது நான். இந்தக் காலத்து வண்டிக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. அதற்கு ஏதாவது சரியில்லை என்று பட்டால் டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கைப் போட்டு, காரணத்தை ஓர் எண்ணாகப் பதிந்து வைத்துக்கொள்ளும். ஸ்கேனரைச் செருகினால் அந்த எண்ணைப் படிக்கலாம். பழுதைப் பார்த்துவிட்டு எண்ணை அழிக்க வேண்டும், விளக்கு அணையும். பழுதைப் பார்க்காமலே அழித்தாலும் விளக்கு அணையும். எங்கள் தொழிலின்மேல் ஊருக்கு இருக்கும் சந்தேகமெல்லாம் இந்த இடத்தில்தான். வண்டி கேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போகிறவரை எது நடந்தது என்று வண்டிக்காரருக்குத் தெரியாது.

எத்திராஜ் அண்ணன் புதிதாக வாங்கிய வேனில் முதல் தடவை விளக்கு எரிந்தபோது, என்ஜினுக்குள் போகும் காற்றை அளக்கும் சென்சார் தப்பாக அளக்கிறது என்று எண் சொன்னது. காற்று குறைவு என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டால் டீசலையும் குறைத்துவிடும். எலக்ட்ரானிக் சிட்டி ஃப்ளை ஓவர் ஏற்றத்தில் வண்டி முக்கியது, பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹார்ன் அடித்தார்கள் என்று டிரைவர் ராஜேந்திரன் சொன்னார். திறந்து பார்த்தோம். ஏர் ஃபில்டர் பெட்டியின் மூடியில் ஒரு கிளிப் உடைந்திருந்தது. ரோடு தோண்டிப் போட்ட மண்ணெல்லாம் அந்த இடுக்கு வழியாக உள்ளே போய்ச் சென்சாரின் மெல்லிய கம்பியில் படிந்திருந்தது. சுத்தம் செய்தோம். மூடியை மாற்ற ஆர்டர் போட வேண்டும், இரண்டு மூன்று நாள் வண்டி நிற்கும் என்றேன்.

"அய்யோ, வேணாம் தங்கச்சி. ரூட்டு போயிடும். இப்போதைக்கு டேக் போட்டு இழுத்துக் கட்டி விடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்."

ஓஸ்வால்ட், வயர்களைச் சேர்த்துக் கட்டுகிற பிளாஸ்டிக் டேக் ஒன்றைப் போட்டு இறுக்கினார். எத்திராஜ் அண்ணனுக்கு மனசு ஆறவில்லை.

"புது வண்டிக்கு ஏன்பா இப்படி?"

"புது வண்டின்னாலதாண்ணா. உங்க நீலசந்திரா ஏரியா கண்ணு மொத்தமும் அது மேலதான் இருக்கும். அண்ணிகிட்ட சொல்லிச் சுத்திப் போடச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரர் இப்படித்தான். வண்டிக்காரர் முகம் வாடினால் ஒரு ஜோக் அடித்து அனுப்புவார். எத்திராஜ் அண்ணனும் சிரித்துக்கொண்டே போனார்.

அதற்குப் பிறகு ஒரு சனிக்கிழமை விளக்கு மறுபடி எரிந்தது. அதே எண். சென்சாரைக் கழற்றினேன். இந்தத் தடவை மண் இல்லை. கம்பியின்மேல் பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு படலம். ஆயில் ஆவி என்று நினைத்தேன். எதற்கு வம்பு என்று ஜே.சி. ரோட்டிலிருந்து புதுச் சென்சாரே வாங்கிப் போட்டோம். அடுத்த சனிக்கிழமை அதுவும் போயிற்று. அன்றைக்குத்தான் "மேடம்".

"நான் பெருசா படிக்கல மேடம். ஆனா கண்ணு தெரியும். உங்ககிட்ட வந்தா லைட்டு அணையுது. உங்களை விட்டுப் போனா எரியுது. இதுக்கு என்ன அர்த்தம்?"

"வண்டிக்கு எங்களை விட்டுப் போக மனசில்லண்ணா" என்றார் ஓஸ்வால்ட்.

யாரும் சிரிக்கவில்லை. எத்திராஜ் அண்ணன் போனை எடுத்துக் காட்டினார். நீலசந்திரா, விவேக் நகர் வேன் ஓனர்கள் எல்லாரும் இருக்கும் வாட்ஸ்அப் குரூப். "ஒரே லைட்டு திரும்பத் திரும்ப எரியுது, யாருக்காவது அனுபவம் உண்டா" என்று அவர் கேட்டிருந்தார். "ஒர்க்‌ஷாப்பை மாத்துங்க, லைட்டு தானா அணைஞ்சிடும்" என்று ஒருவர். "அழிச்சு அழிச்சுக் குடுக்கிற இடம் எதுன்னு தெரியாதா" என்று இன்னொருவர். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கும் மூஞ்சிகள்.

"இன்னொரு தரம் இந்த லைட்டு எரிஞ்சா, என் வண்டி எல்லாமே கோரமங்கலால ஷ்ரேயாஸ் ஒர்க்ஷாப்புக்குப் போயிடும். குரூப்புல காரணத்தையும் போடுவேன். பின்னால வருத்தப்படாதீங்க."

அந்தக் குரூப்பில் இருப்பவர்கள்தான் எங்கள் தொழிலே. பேர் கெட்டால் ஷட்டரை இறக்க வேண்டியதுதான். கேட்டைத் தாண்டி அவர் போனபிறகு ஓஸ்வால்ட் டீ குடிக்கக்கூடப் போகவில்லை.

நான் ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். சென்சார் டூப்ளிகேட்டோ? அதைத் துடைத்து, ஏற்கெனவே எங்களிடம் வேலைக்கு நின்றிருந்த எத்திராஜ் அண்ணனின் இன்னொரு வேனில் மாட்டி ஓட்டினோம், ஒழுங்காக அளந்தது. வயரை எலி கடித்திருக்குமோ? முழுவதும் தடவிப் பார்த்தேன், ஒரு கீறல் இல்லை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு தடயம். கோளாறு பதிவாகும் நொடியில் வண்டி எந்த நிலையில் இருந்தது என்பதையும் கம்ப்யூட்டர் சேர்த்துப் பதிந்து வைக்கும். வேகம் பூஜ்யம் என்று அதில் இருந்தது. என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, வண்டி நகரவில்லை.

"நின்ன வண்டியை யார் இப்படி ஓட விட்டாங்க?" என்றேன்.

"ஏசி போட்டுத் தூங்கியிருப்பான் ராஜேந்திரன்."

"தூங்கினா சென்சார்ல பிசின் மாதிரி எப்படி ஒட்டும்? யாரோ எதையோ ஊத்துறாங்க."

ஓஸ்வால்ட் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ராஜேந்திரனா?"

"ஏன், அவர் ஷ்ரேயாஸ்கிட்ட வேலை பார்த்தவர்தானே? இல்லேன்னா எத்திராஜ் அண்ணனே. சும்மா ஒரு சாக்கு சொல்லிக் கழண்டுக்கப் பாக்கறாரோ என்னவோ."

"தன் வண்டியில தானே பிசின் ஊத்துவாரா? நல்லா இருக்கு சோஃபி, உன்னைப் போலீஸ்ல எடுத்திருக்கணும்."

அவர் கிண்டல் செய்தாலும் என் மனசு ஆறவில்லை. ஸ்கேனர் செருகும் அதே இடத்தில், ஸ்டியரிங்குக்குக் கீழே, செருகிவைக்கிற மாதிரி சின்ன ப்ளக் ஒன்று எங்களிடம் உண்டு. வண்டி ஸ்டார்ட்டில் இருக்கும் நேரமெல்லாம் சென்சார்கள் சொல்வதை மணியோடு சேர்த்துப் பதிந்து வைக்கும். சென்சாரைத் துடைத்து, எண்ணை அழித்து, வண்டியை ஒப்படைக்கும் முன் அதை உள்ளே செருகினேன். அதில் ஒரு பச்சை வெளிச்சம் மினுக்கிக்கொண்டே இருக்கும். அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டினேன்.

"சொல்லிட்டு மாட்டு" என்றார் ஓஸ்வால்ட்.

"சொன்னா அவர் ராஜேந்திரன்கிட்ட சொல்வார். செய்றவன் இந்த வாரம் செய்ய மாட்டான்."

"செய்றவன்னு ஒருத்தன் இருக்கான்னு முடிவே பண்ணிட்டியா?"

நான் டேப்பின் ஓரத்தை இன்னும் அழுத்தி ஒட்டினேன்.

சனிக்கிழமை காலையில் வேன் ஒர்க்‌ஷாப்புக்குள் வந்த வேகத்திலேயே தெரிந்துவிட்டது. எத்திராஜ் அண்ணன் இறங்கினார். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு. அவர் கையில் கர்ச்சீப், கர்ச்சீப்புக்குள் எங்கள் ப்ளக். சூட்டில் டேப் பாதி உரிந்து தொங்கியது.

"என் வண்டியில எதை ஒளிச்சு வச்சீங்க?"

பக்கத்தில் ராஜேந்திரன் நின்றார். "நான்தான் சார் பாத்தேன். குனிஞ்சு செருப்பை எடுக்கறேன், கீழ பச்சையா மினுக்குது. எனக்கு வெலவெலத்துப் போச்சு."

"இதை மாட்டித்தான் லைட்டை எரிய வைக்கிறீங்க. வாராவாரம் வரவைக்கிறீங்க. நல்ல காரியத்துக்கு மாட்டினா மேல எதுக்கு டேப்பு? சொல்லுங்க மேடம், எதுக்கு டேப்பு?"

ஓஸ்வால்ட் என் பக்கம் திரும்பவே இல்லை. ஒன்று மட்டும் சொன்னேன். "போறதுன்னா போங்கண்ணா. போறதுக்கு முன்னால இதுல என்ன இருக்குன்னு உங்க கண்ணு முன்னாலயே திறந்து காட்டறேன். பாத்துட்டுக் குரூப்புல என்ன வேணாலும் போடுங்க."

அவர் கர்ச்சீப்போடு ப்ளக்கை மேசைமேல் போட்டார். லேப்டாப்பில் திறந்தேன். திங்கள் முதல் வியாழன் வரை காற்றளவுக் கோடு ஒழுங்காக ஏறி இறங்கியது. வெள்ளிக்கிழமை பகல் முழுவதும் அப்படியே. வெள்ளி சாயங்காலம் வண்டி நின்று, ஆஃப் ஆகி, மறுபடி ஸ்டார்ட் ஆகியிருந்தது. வேகம் இல்லை. கொஞ்ச நேரம் சும்மா ஓடியிருக்கிறது. அந்த நேரத்துக்குள் கோடு படிப்படியாகக் கீழே இறங்கி, கோளாறு எண் விழுந்து, பிறகு வண்டி அணைந்திருக்கிறது.

"வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிற நேரம்ணா. அப்ப வண்டி எங்க?"

"எங்க வீட்டு முன்னாலதான்." அவர் குரல் இறங்கியது. "நான் அந்த நேரம் சிவாஜிநகர்ல இருப்பேன். அங்கிருந்து கிளம்பற இன்னொரு வண்டியை வெள்ளிக்கிழமை நான்தான் ஓட்டறேன்."

"நான் சாவியைக் குடுத்துட்டு அப்பவே போயிட்டேன் சார்" என்றார் ராஜேந்திரன்.

அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்கு வந்த அந்தப் பதிலை நான் மனசில் வைத்துக்கொண்டேன்.

இதற்குள் ஓஸ்வால்ட் பானெட்டைத் திறந்து, டேக்கை வெட்டி, ஏர் ஃபில்டரை வெளியே எடுத்திருந்தார். அதை மூக்கருகே கொண்டுபோனவர் அப்படியே நின்றார்.

"சோஃபி, மோந்து பாரு."

"ஆயில்தானே?"

"ஞாயித்துக்கிழமை பூசையில முன்வரிசையில உக்காந்தா வர்ற வாசனை."

சாம்பிராணி. எனக்கு அப்போதுதான் உறைத்தது. குழந்தை யேசு கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருப்பவர்களுக்கு அது ஒரு வாசனையே அல்ல, காற்று. போன தடவையும் அதற்கு முன்னாலும் அதே வாசனை என் மூக்கில் ஏறித்தான் இருக்கும். எங்கள் தெரு வாசனை என்று மூக்கு விட்டுவிட்டது.

எத்திராஜ் அண்ணன் ஃபில்டரை வாங்கி முகர்ந்தார். மெதுவாக ராஜேந்திரன் பக்கம் திரும்பினார். "டேய்."

"வீட்ல அக்கா சொல்லக் கூடாதுன்னாங்க சார்" என்றார் ராஜேந்திரன். "சொன்னா நீங்க கிண்டல் பண்ணுவீங்களாம். ஸ்டார்ட் பண்ணிக் குடுடான்னாங்க. நான் ஸ்டார்ட்தான் பண்ணேன்."

நாலு பேரும் அதே வேனில் நீலசந்திராவுக்குப் போனோம். எனக்கு இன்னொரு பயம் பிடித்துக்கொண்டது. பழுதுக்குக் காரணம் கிடைத்துவிட்டது, சரி. ஆனால் வெள்ளிக்கிழமை பூஜையால்தான் வண்டி கெட்டது என்று ஒரு கிறிஸ்தவப் பெண் அவர்கள் வாசலில் நின்று சொன்னால் அது எப்படிக் காதில் விழும்? ஸ்கேனரைத் தவிர வேறு எதையும் பேசக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எத்திராஜ் அண்ணனின் மனைவி சாந்தகுமாரி அக்கா வாசலிலேயே இருந்தார். வேனிலிருந்து நாலு பேர் இறங்குவதைப் பார்த்ததும் முதலில் ராஜேந்திரனைத்தான் முறைத்தார்.

"சொல்லிட்டியா? வாய்ல பூட்டுப் போட்டாலும் சாவியை நீயே வச்சிருப்ப."

"அக்கா, வண்டிக்குச் சாம்பிராணி போட்டீங்களா?" என்றேன்.

"போட்டேன். அதுக்கென்ன? உங்க வீட்டுக்காரர்தானே சொல்லியனுப்பினாரு, கண்ணு பட்டிருக்கு, சுத்திப் போடுங்கன்னு?"

ஓஸ்வால்ட் எதிர்வீட்டு மாடியில் காயும் துணிகளைப் பார்க்கத் தொடங்கினார்.

"எதிர்வீட்டுக்காரி நம்ம வண்டி வந்த அன்னைக்குப் பார்த்த பார்வை எனக்குத்தான் தெரியும். வெளிய காட்டினா போதுமா? பட்டது உள்ள. அதனால பானெட்டைத் திறந்து, வண்டி எங்க மூச்சு இழுக்குதுன்னு இவனைக் கேட்டு, அந்த எடத்துல காட்டினேன். வண்டி ஓடினாத்தானே இழுக்கும்? ஒரு வாரம் காட்டினேன், லைட்டு எரிஞ்சுது. பத்தலை போலன்னு அடுத்த வாரம் இன்னும் கொஞ்சம் தூக்கலாப் போட்டேன்."

"அடிப்பாவி" என்றார் எத்திராஜ் அண்ணன்.

"என்ன அடிப்பாவி? அப்ப நான்தான் வண்டியைக் கெடுத்தேன்றீங்களா?" அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, உங்க கோயில்லயும்தானே புகை போடுறாங்க? உங்க ஃபாதருக்கு மூச்சு நின்னு போச்சா? நீங்க சரி பண்ணத் தெரியாம என் தலையில கட்டப் பாக்கறீங்க."

நான் பேசினால் சண்டையாகும். ஒரு சுத்தமான வெள்ளைத் துணி மட்டும் கேட்டேன். எங்கள் துணி வேண்டாம், உங்கள் வீட்டுத் துணியே கொடுங்கள் என்றேன். அக்கா சந்தேகத்தோடு உள்ளே போய்ப் புது மல் துணி ஒன்றைக் கிழித்து எடுத்துவந்தார். அதை ஃபில்டருக்கும் சென்சாருக்கும் நடுவில், குழாயின் வாயில் இழுத்துக் கட்டினேன். அவரையே முடிச்சைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். ஓஸ்வால்ட் மூடியை வைத்து, முன்பு இருந்த மாதிரியே டேக் போட்டார்.

"இப்ப நீங்க வெள்ளிக்கிழமை எப்படிக் காட்டுவீங்களோ அப்படியே காட்டுங்கக்கா."

தணல் வந்தது. ராஜேந்திரன் ஸ்டார்ட் செய்தார். அக்கா சாம்பிராணியை அள்ளிப் போட்டு, தூபக்காலைப் பானெட்டுக்குள் நீட்டினார். புகை மேலே போகாமல், உடைந்த கிளிப் இருந்த மூலைப் பக்கம் வளைந்து, இடுக்குக்குள் கயிறு மாதிரி நுழைவது எல்லாருக்கும் தெரிந்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அக்கா அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் போட்டார்.

வண்டியை அணைத்துத் துணியை அவிழ்த்து அவர் கையிலேயே கொடுத்தேன். நடுவில் பழுப்பாக ஒரு வட்டம். விரலால் தேய்த்தார், ஒட்டியது. முகர்ந்தார். துணியை மடித்துக்கொண்டார்.

"அப்ப பட்ட கண்ணு?" என்றார் கடைசியாக.

"பானெட்டை மூடிட்டு வெளிய காட்டுங்கக்கா. வண்டிக்கு ஒண்ணும் ஆகாது."

"மூடிட்டு மேல காட்டினா உள்ள போகுமா?"

"அது எனக்குத் தெரியாதுக்கா. எனக்குத் தெரிஞ்சது சென்சார் மட்டும்தான்."

அவருக்கு அந்தப் பதில் பிடித்திருந்ததா என்று சொல்ல முடியாது. ஆனால் என் தலையில் கட்டப் பார்க்கிறீர்கள் என்று மறுபடி சொல்லவில்லை. ஓஸ்வால்ட் அங்கேயே சென்சாரைத் துடைத்து மாட்டினார். எண்ணை அழித்தேன். ஏர் ஃபில்டர் மூடியைத் திங்கட்கிழமையே மாற்றுவதென்று முடிவாயிற்று.

எத்திராஜ் அண்ணன் போனை எடுத்தார். "வண்டி சரியாயிடுச்சுன்னு குரூப்புல போட்டுடறேன்."

"அப்படி மட்டும் போட்டீங்கன்னா, நாங்க மாட்டிக்கிட்டுச் சரி பண்ணிக் குடுத்த மாதிரி ஆயிடும்ணா" என்றேன்.

"பின்ன என் பொண்டாட்டி புகை போட்டான்னு போடவா? நாளைக்கு எந்த ஸ்டாண்டுல நான் போய் நிப்பேன்?"

"குடுங்க இப்படி" என்று அக்கா போனைப் பிடுங்கினார். குரல் பதிவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஒலிபெருக்கியில் பேசுகிற மாதிரி பேசினார். "எல்லாருக்கும் வணக்கம். எத்திராஜ் வீட்டுக்காரி பேசறேன். ஓஸ்வால்ட் தம்பி ஒர்க்‌ஷாப்புல ஒரு தப்பும் இல்ல. நான்தான் வண்டிக்கு உள்ளாற சாம்பிராணி போட்டுட்டேன். உங்க வீட்டுல யாராவது போடறதா இருந்தா மூடிக்கிட்டுப் போடுங்க. இதுக்கு மேல யாராவது சிரிச்சு வச்சீங்கன்னா, உங்க வீட்டுல என்னென்ன நடக்குதுன்னு எனக்கும் தெரியும்."

சிரிக்கும் மூஞ்சி ஒன்றுகூட வரவில்லை. நான் ஸ்கேனர் வயரைச் சுருட்டத் தொடங்கினேன்.

கிளம்பும் நேரத்தில் எத்திராஜ் அண்ணன் என்னை வேனின் மறுபக்கம் கூப்பிட்டார். ராஜேந்திரன் சற்றுத் தள்ளி, ஏற்கெனவே சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அண்ணன் கையில், எங்கள் மேசையிலிருந்து அவர் எடுத்துவந்திருந்த ப்ளக்.

"தங்கச்சி, இந்த மெஷின் நல்லா இருக்கு. யார் எப்ப ஸ்டார்ட் பண்ணாங்க, எவ்வளவு நேரம் நின்னுச்சு, எல்லாம் சொல்லுது. என் எல்லா வண்டிலயும் ஒண்ணொண்ணு மாட்டிடு. வருஷம் பூரா வேலை உனக்குத்தான். டேப் ஒட்டியே மாட்டு. இவன் மூஞ்சியைப் பார்த்துப் பொய் சொல்றான், நான் நம்பிட்டு நிக்கறேன். இவனுக்குத் தெரிய வேணாம்."

தங்கச்சி திரும்பி வந்துவிட்டாள், எல்லா வண்டிகளோடும். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

ப்ளக்கை வாங்கினேன். தொங்கிக்கொண்டிருந்த டேப்பை உரித்து எறிந்தேன். "ராஜேந்திரன் அண்ணா, கொஞ்சம் இங்க வாங்க" என்றேன். அவர் துணியோடு வந்தார். "இது எங்க ப்ளக். வண்டி ஓடறதையெல்லாம் பதியும். இங்கதான் இருக்கும். காலு படாம பாத்துக்குங்க" என்று, அவர் கண்முன்னாலேயே ஸ்டியரிங்குக்குக் கீழே செருகினேன். பச்சை வெளிச்சம் மினுக்கத் தொடங்கியது.

ராஜேந்திரன் அதைப் பார்த்தார், பிறகு அவருடைய முதலாளியைப் பார்த்தார்.

"தெரிஞ்சு மாட்டினா என்ன பிரயோஜனம்?" என்றார் எத்திராஜ் அண்ணன் பல்லுக்கிடையில்.

"காலையில நீங்க கேட்டீங்களேண்ணா, எதுக்கு டேப்புன்னு. அப்ப எனக்குப் பதில் வரல."

அவர் வேன் கதவைச் சாத்தினார். "ஆய்த்து மேடம்" என்று கன்னடத்தில் சரி சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

திங்கட்கிழமை புது மூடி மாட்ட அந்த வேன் வந்தது. அதற்குப் பின்னாலேயே சர்வீஸுக்கு அவருடைய இன்னொரு வேனும் வந்தது. அதை ஓட்டி வந்த டிரைவரை நான் அதற்குமுன் அதிகம் பார்த்ததில்லை. இறங்கியவர் சாவியை என் கையில் கொடுக்காமல் பிடித்துக்கொண்டே கேட்டார்.

"அக்கா, அந்தப் பச்சை லைட்டு ப்ளக்கை இந்த வண்டியில எங்க வைக்கப் போறீங்க?"

கதவைத் திறந்து, குனிந்து, இடத்தைக் காட்டினேன். அவரும் குனிந்து பார்த்தார். பிறகுதான் சாவியைக் கொடுத்தார்.